ஊவாத் தோட்டங்களில் துணை மருத்துவத் தொழில்கள்

ஊவா மாகாணத் தோட்டங்களில் நோயாளிக்கு முதன்முதலாகக் கிடைத்த மருத்துவப் பணியாளர் அப்போதிக்கரி. டாக்டர் எங்கோ ஒரு பட்டணத்தில் இருப்பார். மருந்துப் போத்தலும் தோட்டத்து அலுமாரியின் சாவியும் அப்போதிக்கரியின் கையில் இருக்கும். அவருக்குப் பிறகு மருத்துவச்சி வந்தார், நுண்நோக்கியில் மலத்தைச் சோதிப்பவர் வந்தார், தாதி வந்தார். இவர்கள் செய்த வேலைகளின் வாரிசுகளே இன்று இணைச் சுகாதார விஞ்ஞானம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் பட்டப்படிப்புகளாக நிற்கின்றன. இந்தத் தொழில்கள் பதுளை மலைகளில் ஏறி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், வளர்ந்த பிள்ளைகள் அவற்றைப் படிக்கத் தொடங்கியதோ மிக அண்மையில்தான். அந்த நீண்ட தாமதத்துக்குக் காரணம் மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது: சட்டத்தில், குடியுரிமையில், பள்ளிக்கூடத்தில்.

ஊவா தனி மாகாணமானது 1886இல். பதுளை அதன் தலைநகர். மாகாணம் பிறக்கும் முன்பே ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பகுதிகளில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலியாட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. ஊவாவுக்குப் போனவர்களுக்கு நடை இன்னும் நீண்டது. இரயில் பாதை 1893இல் ஹப்புத்தளையையும் மறுவருடம் பண்டாரவளையையும் எட்டியது. பதுளையை எட்ட 1924 ஆகிவிட்டது. அதுவரை நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் மாட்டுவண்டி, இல்லாவிட்டால் ஆட்களின் தோள். ஊவாவின் மருத்துவ வரலாற்றில் தூரம் ஒரு நோயைப் போலவே ஆள்கொன்றது என்று சொல்வது மிகையாகாது.

தோட்டத் தொழிலாளியின் நோய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கோப்பிக் காலம் முழுக்க அரசாங்கத்துக்கும் தோட்டத்தை நடத்திய துரைமாருக்கும் இடையே இழுபட்டது. 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு முதல் ஒழுங்கான விடையைக் கொடுத்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் அமைத்து, செலவைத் தோட்டங்களிடமிருந்து அறவிடுவது அதன் ஏற்பாடு. வில்லியம் கிரெகரி ஆளுநராக வந்த ஆண்டு அது. நிலத்தின் அளவை வைத்துப் பணம் பிரிப்பதைத் துரைமார் விரும்பவில்லை. 1880களில் சட்டம் மாறி, விளைபொருள் ஏற்றுமதியின் மேல் ஒரு சிறு தீர்வை விதிக்கப்பட்டது. தொழிலாளி பறித்த பழத்திலிருந்தும் கொழுந்திலிருந்தும்தான் அவனுடைய மருந்துக்கான காசு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்தமாக மருத்துவ ஏற்பாடு வைத்திருந்த தோட்டங்களுக்குச் சலுகையும் கிடைத்தது. அந்தச் சலுகைதான் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு டிஸ்பென்சரி முளைக்கக் காரணம். முழு டாக்டர் ஒருவரை வைப்பதைவிட ஒரு அப்போதிக்கரியை வைப்பது மலிவு.

அப்போதிக்கரிகள் எங்கே படித்தார்கள்? கொழும்பில் மருத்துவப் பாடசாலை 1870 யூன் மாதம் திறக்கப்பட்டது. டாக்டர்களோடு சேர்த்து, அவர்களுக்குக் கீழே வேலை செய்யும் அப்போதிக்கரிகளும் டிஸ்பென்சர்களும் அந்த வழியிலேயே உருவானார்கள். அதற்கு இருபது வருடம் முன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் உள்ளூர் மாணவர்களுக்கு மேலைமருத்துவம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். 1860களில் அவர் போதனை மொழியைத் தமிழுக்கே மாற்றினார். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ போன்ற பாடநூல்கள் அவருடைய முயற்சியில் தமிழில் வெளிவந்தன. தமிழில் மருத்துவம் படிக்க முடியும் என்பதை இந்தத் தீவே 19ஆம் நூற்றாண்டில் செய்து காட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பாடசாலைக்கும் மலைநாட்டு லயத்துக்கும் இடையில் எந்தப் பாலமும் இருக்கவில்லை. லயத்துப் பிள்ளை எட்டு, பத்து வயதில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடும்.

கோப்பியின் அழிவும் ஊவாவில்தான் தொடங்கியது. இலைத்துரு நோய் 1869இல் முதலில் கண்ணில் பட்ட இடம் மடூல்சீமை. கோப்பி விழுந்த இடைக்காலத்தில் துரைமார் பலர் சிங்கோனா நட்டார்கள். கொயினா மருந்தைத் தரும் இந்த மரத்தின் நாற்றுகளுக்காகவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டிருந்தது. காய்ச்சலுக்கான மருந்து தோட்டத்திலேயே பட்டையாக உரிந்து கப்பலேறிய விசித்திரமான சில வருடங்கள் அவை. சிங்கோனா விலை விழுந்ததும் தேயிலை எல்லாவற்றையும் மூடியது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கியபோது ஊவா முழுதாகத் தேயிலை நாடாகிவிட்டிருந்தது.

தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிர். கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து திரும்பிப் போனவர்கள் இப்போது குடும்பத்தோடு தங்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் பெருகியதும் மருத்துவத்தின் தேவையும் மாறியது. வெட்டுக்காயமும் பேதியும் பார்த்த டிஸ்பென்சரிக்கு இனிப் பிரசவமும் சவலைப் பிள்ளையும் வந்தன.

தோட்ட டிஸ்பென்சரி பெரும்பாலும் ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் அருகில் இருக்கும் ஒரு சிறு கட்டிடம். ஒரு பக்கம் மருந்து கலக்கும் அறை, முன்னால் நோயாளிகள் குந்தியிருக்கும் விறாந்தை. பெரிய தோட்டங்களில் சில கட்டில்கள் போட்ட ஆஸ்பத்திரியும் இருக்கும். மருந்துகள் பெரிய சாடிகளில் மிக்ஸராகக் கலந்து வைக்கப்படும். போத்தலை நோயாளியே கொண்டுவர வேண்டும். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், புண்ணுக்கு அயடின், இருமலுக்கு ஒரு மிக்ஸர் என்று அந்தக் காலத்து மருந்துப் பட்டியல் நீளமானதல்ல. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆள் குறைந்தால் கங்காணி லயத்துக்குப் போய்ப் பார்ப்பார். உண்மையில் நோய்தானா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை அப்போதிக்கரியுடையது. அவர் துண்டு கொடுத்தால்தான் அன்றைய நாள் நோய் நாளாகும். இதனால் மருந்து கொடுப்பவரே வேலைக்கு விரட்டுபவராகவும் ஆனார். இந்த இரட்டை வேடம் தோட்ட மருத்துவத்தின் பிறவிக் குறை. சம்பளம் துரையிடமிருந்து வரும்போது நோயாளியின் பக்கம் நிற்பது எளிதல்ல. அதையும் மீறி, நள்ளிரவில் அரிக்கன் லாந்தரோடு லயத்துக்கு வந்து போன நல்ல மனிதர்களைப் பற்றிய நினைவுகள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு.

அப்போதிக்கரி தோட்டத்து ஸ்டாப்பில் ஒருவர். கிளாக்கர், டீமேக்கர், கண்டக்டர் வரிசையில் அவருக்கும் குவாட்டர்ஸ் உண்டு. யாழ்ப்பாணத்தார், கேரளத்தார், சிங்களவர், பறங்கியர் என்று பலரும் இந்த வேலைக்கு வந்தார்கள். லயத்திலிருந்து யாரும் வரவில்லை. 1920இல் தொடங்கிய இலங்கைத் தோட்ட சேவையாளர் சங்கம் இந்த ஸ்டாப் வகுப்பின் உரிமைகளைப் பேசியது. தொழிலாளிக்கும் அவருக்கு மருந்து கொடுப்பவருக்கும் தனித்தனிச் சங்கங்கள் என்ற நிலை அப்போதே உறுதியாகிவிட்டது.

1912இல் இரண்டு கட்டளைச் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று மருத்துவத் தேவைகள் பற்றியது, மற்றது தொழிலாளரிடையே வரும் நோய்கள் பற்றியது. லயங்களைச் சுத்தமாக வைப்பது, நோய் வந்தால் அறிவிப்பது, கடும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் துரையின் கடமை என்று அவை விதித்தன. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அவற்றில் இருந்தது. சட்டம் எழுத்தில் அக்காலத்துக்கு முன்னேறியதுதான். ஆனால் லயக்காம்பராவின் அளவும் கூரைத் தகரமும் தண்ணீர்ப் பீலியும் சட்டத்தால் மாறவில்லை. நோய் பெருகும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு நோயாளியை மட்டும் கவனிக்கச் சொன்ன சட்டம் அது.

ஆய்வுகூட வேலை தோட்டங்களுக்கு வந்தது கொக்கிப்புழுவினால். வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும் இந்தப் புழு, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். நிழலும் ஈரமும் உள்ள தேயிலை மலை, கக்கூசு இல்லாத லயம், செருப்பில்லாத கால் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் அது பரவாமல் இருக்க முடியாது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதாரப் பிரிவு மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கி, பிறகு மற்றத் தோட்டப் பகுதிகளுக்கும் விரித்தது. நுண்நோக்கியோடு உட்கார்ந்து மல மாதிரிகளில் முட்டை தேடும் பணியாளர்கள், பெயர்ப்பட்டியலோடு லயம் லயமாகப் போய் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்கள், கக்கூசு கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதகர்கள் என்று ஒரு புதிய தொழிற்குழு அதன்மூலம் உருவானது. மருந்து முதலில் தைமோல், பிறகு கெனோபோடியம் எண்ணெய். மருந்து குடித்த நாளில் ஆள் வேலைக்குப் போக முடியாது. துரைமார் மருந்துக்கு இணங்கியபோதும் அந்த ஒரு நாள் வேலை இழப்பையும் கக்கூசு கட்டும் செலவையும் முணுமுணுத்தார்கள். புழுவை மருந்தால் வெளியேற்றிவிட்டு, அதே மண்ணுக்கு அதே வெறுங்காலை அனுப்பினால் என்ன ஆகும் என்பது பிரசாரகர்களுக்கும் தெரியும், துரைமாருக்கும் தெரியும்.

கடலுக்கு அக்கரையிலும் இந்த வேலை நடந்தது. தலைமன்னார் இரயில் 1914இல் ஓடத் தொடங்கியபின் இலங்கைக்கு வரும் தொழிலாளிகள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, பின்னாளில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். பசறைக்கோ நமுனுகுலைக்கோ போகும் ஒரு குடும்பம் மருத்துவப் பணியாளரை முதலில் சந்தித்த இடம் பெரும்பாலும் அந்த முகாமின் வரிசைதான்.

பிரசவம் வேறொரு உலகம். லயத்தில் குழந்தை பிறப்பது உறவுக்காரக் கிழவிகளின் கைகளில்தான். அனுபவத்தால் தேர்ந்த மருத்துவச்சி ஒருத்தி பெரும்பாலான தோட்டங்களில் இருந்தாள். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை உருவாக்கும் வேலை கொழும்பில் 1879இல் திறந்த டி சொய்சா பிரசவ விடுதியோடு வேரூன்றியது. தோட்டங்களுக்கு அப்படிப்பட்டவர்கள் வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. வந்தவர்களும் ‘மிட்வைப் அம்மா’ என்ற மரியாதையோடு சற்றுத் தூரத்தில் வைக்கப்பட்டார்கள். வலி கண்டதும் முதலில் கூப்பிடப்பட்டவள் பக்கத்துக் காம்பராக் கிழவிதான். தோட்டம் பயிற்சி பெற்றவரின் அறிவையும் கிழவியின் நெருக்கத்தையும் ஒன்றாக்கும் வழியை ஒருபோதும் தேடவில்லை. அந்தக் கிழவியின் மகளையோ பேத்தியையோ பயிற்சிக்கு அனுப்பியிருந்தால் ஒரு தலைமுறை முன்பே பல உயிர்கள் தப்பியிருக்கும்.

பிள்ளைக்காம்பராவும் இதே காலத்து ஏற்பாடு. தாய் மலைக்குப் போகும்போது கைக்குழந்தையை விட்டுச்செல்லும் அந்த அறையில் ஒரு ஆயா இருப்பார். தொட்டிலாட்டுவதும் பால் கரைத்துக் கொடுப்பதும் அவர் வேலை. பயிற்சி கிடையாது. மலையில் நிற்க முடியாத வயதான பெண்ணுக்குக் கொடுக்கும் இலகு வேலையாகவே அது கருதப்பட்டது. பிற்காலத்தில் அதே வேலை சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவியாகி, பயிற்சி நெறிகளும் சான்றிதழும் கொண்டதாக வளர்ந்தது. தோட்டத்துப் பெண்கள் தங்கள் தோட்டத்திலேயே சுகாதாரம் சார்ந்த ஒரு உத்தியோகத்துக்குள் கணிசமாக நுழைந்த முதல் வாசல் அதுவே. வரலாற்றாசிரியர்கள் அப்போதிக்கரியைப் பற்றி எழுதிய அளவில் கால்வாசிகூட ஆயாவைப் பற்றி எழுதவில்லை.

1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் டாக்டர்களோடு அப்போதிக்கரி, மருந்தாளர், மருத்துவ மாது, தாதி ஆகியோரையும் ஒரே பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. அதற்கு முந்திய வருடம் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவ மாது மூவரும் ஊருக்குள் போய் நோயைத் தடுக்கும் இந்த முறை இலங்கை முழுவதும் பரவி, உலக அளவில் இலங்கையின் தாய்சேய் நலத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. தோட்டத்தின் வேலியோடு அது நின்றுவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் கிராமத்துத் தாய்க்கு அரசாங்க மருத்துவ மாது வீடு தேடி வந்தார். அந்தப் பக்கம் தோட்டத்துத் தாய்க்குக் கம்பனியின் ஏற்பாடு என்னவோ அதுதான். ஒரே மலையில் இரண்டு சுகாதார நாடுகள் இருந்தன. பதுளை மாவட்டத்தில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகக் கண்ணில் படும். கிராமமும் தோட்டமும் அங்கே ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிந்திய காலம் இந்த வேலியை இன்னும் உயர்த்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கோ, மருத்துவ மாது பயிற்சிக்கோ, அப்போதிக்கரி வகுப்புக்கோ விண்ணப்பிக்கப் பிரஜையாக இருக்க வேண்டும். ஆகவே திறமையோ ஆர்வமோ இருந்தும் பயனில்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்குபோட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஊவாவிலிருந்தும் ஏராளமான குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. போவதா இருப்பதா என்று தெரியாத ஒரு வீட்டில் பிள்ளையை விஞ்ஞானம் படிக்கவைத்து, பத்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு உத்தியோகத்துக்குத் தயார்ப்படுத்துவது யாராலும் முடிகிற காரியமல்ல. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்தான் நாடற்ற நிலையைத் தீர்த்து வைத்தன.

பள்ளிக்கூடத்தின் கதையும் இதற்கு இணையானது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. ஒரு கட்டிடம், ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்பதே அவற்றின் அமைப்பு. 1977க்குப் பிறகுதான் அரசு அவற்றைப் படிப்படியாகக் கையேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு கட்டிடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. பெரும்பாலான துணை மருத்துவத் தொழில்களுக்குள் நுழைய உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனமும் வேண்டும். ஊவாவில் அவற்றைத் தமிழில் படிக்கப் பதுளை சரஸ்வதி, பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரி, பசறை தமிழ்ப் பாடசாலை போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய பள்ளிகளே உள்ளன. மடூல்சீமையின் உச்சித் தோட்டத்திலிருந்து பதுளைக்குத் தினம் பஸ்ஸில் வந்துபோவது என்பதே ஒரு பரீட்சை.

இதற்கிடையில் தோட்டங்களின் உடைமை மாறியது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுக் கூட்டுத்தாபனங்களிடம் வந்தன. அந்த மாற்றத்தின் நடுவிலேயே 1973–74 உணவுத் தட்டுப்பாடு விழுந்தது. மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் இறப்பு உயர்ந்தது. கைக்குழந்தைகள் அதிகம் இறந்தார்கள். டிஸ்பென்சரியால் பசிக்கு மருந்து கொடுக்க முடியவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. சுகாதாரமும் வீடமைப்பும் பார்க்கவென உருவான பொறுப்பாட்சி அமைப்பு 2002 முதல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசு கையேற்கத் தொடங்கியது. தோட்டங்களுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் சேவை படிப்படியாக நீண்டது. தோட்ட அப்போதிக்கரியின் இடத்தில் இப்போது தோட்ட மருத்துவ உதவியாளர் இருக்கிறார். அரசின் அப்போதிக்கரி வழி வந்த உதவி வைத்திய அதிகாரிப் பயிற்சியும் 1990களில் நின்றுபோனது. அதோடு 1870இல் தொடங்கிய ஒரு தொழில்மரபின் ஊற்று வற்றியது.

மற்றத் தொழில்களின் படிப்பு நெடுங்காலம் கொழும்பையே சுற்றி இருந்தது. ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் 1900ஆம் ஆண்டளவில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலும், ஊடுகதிர்ப் படப்பிடிப்பாளரும் இயன்மருத்துவரும் கொழும்புப் பெரியாஸ்பத்திரியைச் சார்ந்த பாடசாலைகளிலும் பயின்றார்கள். பொதுச் சுகாதார மாதுக்கான பதினெட்டு மாதப் பயிற்சியின் ஒரு பகுதி களுத்துறையில் நடக்கும். ஊவாவுக்குள் கிடைத்தது பதுளைத் தாதியர் பாடசாலை ஒன்றே. பதுளை ஆஸ்பத்திரி மாகாணத்தின் பெரிய ஆஸ்பத்திரியாகி, இன்று போதனா வைத்தியசாலையாக வளர்ந்திருக்கிறது. கொஸ்லாந்தை, ஹல்துமுல்லை, லுணுகலை, பசறை ஆஸ்பத்திரிகளிலிருந்து எக்ஸ்ரேக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் நோயாளிகள் இன்றும் பெரும்பாலும் தியத்தலாவைக்கோ பதுளைக்கோதான் அனுப்பப்படுகிறார்கள். கருவி வாங்கி வைப்பது சுலபம். அதை இயக்கப் படித்தவர் மலையில் தங்குவதுதான் கடினம்.

பட்டப்படிப்பு என்ற எண்ணம் தாதியத்தில் முதலில் வந்தது. திறந்த பல்கலைக்கழகம் 1990களில், வேலையிலிருக்கும் தாதியர்களுக்காக ஒரு பட்டநெறியைத் தொடங்கியது. 2000களின் நடுப்பகுதியில் பேராதனையும் யாழ்ப்பாணமும் ஸ்ரீ ஜயவர்தனபுரமும் வேறு சில பல்கலைக்கழகங்களும் உயர்தரம் முடித்த மாணவர்களையே நேரடியாக எடுத்து இத்துறைகளைக் கற்பிக்கலாயின. பேராதனையில் தாதியம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், இயன்மருத்துவம், ஊடுகதிர்ப் படப்பிடிப்பு ஆகியவை ஒரே கூரையின் கீழ் வந்தன. யாழ்ப்பாணத்தில் தாதியமும் ஆய்வுகூட விஞ்ஞானமும் மருந்தகவியலும் உண்டு. களனியில் பேச்சும் கேட்டலும் சார்ந்த சிகிச்சை கற்பிக்கப்படுகிறது. மருத்துவ பீடத்துக்கு ஒன்றிரண்டு புள்ளியில் தவறியவர்கள் மனமில்லாமல் சேரும் இடம் என்று தொடக்கத்தில் பேசப்பட்ட இந்தப் படிப்புகள், பத்துப் பதினைந்து வருடத்தில் தமக்கென ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டன. வழி மேடுபள்ளமாகவே இருந்தது. படிப்பு நான்கு வருடமா மூன்று வருடமா என்ற தகராறில் 2012–13 அளவில் மாணவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். டிப்ளோமாக்காரருக்கும் பட்டதாரிக்கும் இடையே பதவியில் யார் முன் என்ற பிணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

ஊவா மாணவருக்கு இந்த வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அனுமதி முறை தீர்மானிக்கிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் பதுளையும் மொனராகலையும் இருக்கின்றன. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கே; தோட்டத்துக்கென எதுவும் இல்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் பதுளை மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 8,15,000 பேர். இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டவர் சுமார் ஒன்றரை இலட்சம். பதுளை நகரத்து முன்னணிப் பள்ளியில் படித்த பிள்ளையும், உயிரியல் ஆசிரியர் பாதி வருடம் இல்லாத தோட்டப்புறப் பள்ளியில் படித்த பிள்ளையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறார்கள். பின்தங்கிய மாவட்டத்துக்குள் பின்தங்கியவர்கள் என்ற வகை விதிகளில் இல்லை. ஒதுக்கீட்டைக் குறைசொல்வதைவிட விஞ்ஞான ஆசிரியரை அனுப்பி வைப்பது விரைவான தீர்வு.

உள்ளே போனபின் அடுத்த தடை ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்த மாணவி பேராதனையில் முதல் வாரத்திலேயே உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறாள். வீட்டில் முதல் தலைமுறைப் படிப்பாளி, செலவுக்கு மஹாபொல உதவித்தொகை, விடுதியில் சிங்களமும் புதிது. இத்தனையும் கடந்து முடிப்பவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் பதுளையிலேயே நிறுவப்பட்டு, அடுத்த வருடம் மாணவர்களை எடுத்தது. ஏற்றுமதி விவசாயம், விஞ்ஞானத் தொழினுட்பம், முகாமைத்துவம் ஆகியவை அதன் தொடக்ககாலத் துறைகள். தேயிலைத் தொழினுட்பத்தைப் பதுளையிலேயே பட்டப்படிப்பாகப் படிக்கலாம் என்றானது. கொழுந்துக்கூடையின் கயிறு நெற்றியில் அழுத்தி அழுத்திக் கழுத்து வலிக்கும் பெண்ணுக்கு உதவும் இயன்மருத்துவத்தைப் படிக்க மலையைவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

இயன்மருத்துவத்தின் தேவை தோட்டங்களில் பேசப்படுவதே இல்லை. செங்குத்தான மலையில் முதுகில் கூடையோடு பல மணி நேரம் நிற்கும் உடம்புக்கு இடுப்பும் முழங்காலும் கழுத்தும் தேய்கின்றன. வலிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மாத்திரையும் தைலமும். அதேபோல் 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதாரக் கணிப்பில் நாடளவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்க, தோட்டத்துறையில் அது 31.7 சதவீதம். இந்த இடைவெளியை நிரப்பும் வேலையில் பெரும்பகுதி டாக்டருடையதல்ல. தாயின் இரத்தச்சோகையைக் கண்டறியும் ஆய்வுகூடப் பணியாளர், வீடு தேடிப் போகும் குடும்பநல மாது, பிள்ளையின் நிறையைக் குறித்துவைக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோருடையது.

இந்த வேலைகளில் மொழியும் ஒரு மருந்து போலவே வேண்டியிருக்கிறது. தமிழ் பேசும் குடும்பநல மாதுக்களின் பற்றாக்குறை தோட்டப்புறங்களில் நீண்டகாலப் பிரச்சினை. கருத்தடை, கருச்சிதைவு, மாதவிடாய், கணவனின் அடி பற்றியெல்லாம் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேச முடியாது. ஆகவே லயத்திலிருந்து வந்து தாதியோ மருத்துவ மாதோ ஆன ஒரு பெண், பட்டம் எதுவானாலும், தன் தோட்டத்துக்குத் திரும்பும்போது வெளியார் எவராலும் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கிறாள். திரும்புகிறாளா என்பது வேறு கேள்வி. பட்டதாரித் தாதிக்குக் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியும் வளைகுடா நாடுகளும் கூடுதல் சம்பளம் தருகின்றன. மருந்தாளருக்கும் ஆய்வுகூடப் பட்டதாரிக்கும் அரசுப் பதவி உடனே கிடைப்பதில்லை. லயத்துக் கடனை அடைக்கப் படித்த பிள்ளை அதிகச் சம்பளத்தைத் தேடிப் போவதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் தோட்டப்புற மாணவர்களின் வீடுகளில் டாக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு பெயர்களே இன்னும் ஒலிக்கின்றன. மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குக் கீழே வருபவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் தாதியம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், ஊடுகதிர்ப் படப்பிடிப்பு ஆகியவற்றை வரிசையில் எழுதாமல் விட்டுவிட்டால், அந்த இடம் மாவட்டத்தின் அடுத்த மாணவருக்குப் போய்விடும். ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள், பரீட்சை முடிவு வரும் முன்பே இந்தப் படிப்புகளின் பெயர்களையும் அவற்றுக்கு வேண்டிய பாடங்களையும் மாணவருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டும்.